நாய் தூக்கிப்போன செருப்பு

மலைப்பாதையின் பாதியில் வண்டி சோர்ந்து போயிற்று. அணைந்துவிடவில்லை, புகையவும் இல்லை. எஞ்சின் ஒரே சுருதியில் முனகிக்கொண்டு, நடந்து போகிறவனோடு போட்டி போட்டால் தோற்றுவிடும் வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் ஆக்சிலேட்டரைத் தரையோடு தரையாக அழுத்தித்தான் வைத்திருந்தாள். பின்னால் வந்த பஸ், ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. கண்ணாடியில் அந்த பஸ்ஸின் முகம் மட்டும்தான் தெரிந்தது; இரண்டு விளக்குகளும் அவளையே முறைத்துக்கொண்டு வந்தன. பக்கத்து இருக்கையில் முதியோர் பகல் இல்லத்தின் மேலாளர் அம்மா, மடியில் இருந்த கைப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். பின்னால் மூன்று பெரியவர்கள்.

“ஏம்மா, நான் வேணா எறங்கித் தள்ளட்டா?” என்றார் நடுவில் உட்கார்ந்திருந்தவர். கைத்தடி இல்லாமல் எழுந்து நிற்க முடியாதவர் அவர். மற்ற இருவரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். காது மடல் மட்டும் சுட்டது.

மேலே போய் இறங்கியதும் மேலாளர் அம்மா உடனே உள்ளே போய்விடவில்லை. வாசலில் நின்று, பெரியவர்கள் ஒவ்வொருவராகப் படியேறும் வரை பார்த்துவிட்டுச் சொன்னார். “நீங்க ஓட்டறது எனக்குப் பிடிச்சிருக்கும்மா. பிரேக் போட்டா பின்னாடி யாரும் முன்னால சாயல. இவங்களுக்கு அதுதான் வேணும். ஆனா வண்டி ஏறலையே. திங்கட்கிழமைக்குள்ள சரி பண்ணிட்டு வாங்க. இல்லேன்னா நான் வேற ஆளைத்தான் பாக்கணும், கோவிச்சுக்காதீங்க.”

கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது. அன்று முதல் நாள், வெள்ளோட்டம்தான். காலையில் பெரியவர்களை வீடு வீடாக ஏற்றிக்கொண்டு மலைமேல் விடுவது, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது, அவ்வளவுதான் வேலை. ஆனால் அவளுக்கு அது அவ்வளவு மட்டும் இல்லை. ஐம்பது வயது தாண்டும்வரை யாராவது ஓட்டிய வண்டியில், யாராவது போன இடத்துக்குத்தான் அவள் போயிருக்கிறாள். தெருவில் அவளை ‘மாஸ்டர் வீட்டம்மா’ என்பார்கள். அன்று காலை மலை அடிவாரத்தில் வண்டியைத் திருப்பியபோது, கைத்தடிப் பெரியவர் இல்லத்துக்கு போன் பண்ணி, “டிரைவரம்மா வந்தாச்சு, கிளம்பிட்டோம்” என்று சொன்னார். அந்தச் சொல்லை அவள் யாரிடமும் சொல்லாமல் வாய்க்குள்ளேயே மிட்டாய் மாதிரி வைத்துக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் என்றால் அவளுடைய வீட்டுக்காரர். முப்பது வருஷத்துக்கு மேல் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். அந்த ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கிப் பழகியவர்கள். பழக வருகிறவர் யாராக இருந்தாலும் முதல் வாரத்திலேயே ஒரு பட்டப்பெயர் விழுந்துவிடும். கிளட்சைப் பட்டென்று விட்டு வண்டியைத் துள்ளவைத்தவர் தவளை. திருப்பத்தில் கண்ணை மூடிக்கொண்டவர் தியானம். ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவர் பெண்டாட்டிக்கு மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை. கேட்டால், “வீட்ல ஒரு டிரைவர் போதும், ரெண்டு பேர் இருந்தா வீடு எங்கயாவது போய் முட்டும்” என்பார்.

பிறகு அவர் கண்ணில் புகை விழுந்தது. நடுவில் மட்டும்தான் புகை, ஓரங்கள் தெரியும். எதிரே நிற்கிற ஆளின் முகம் தெரியாது, அந்த ஆளின் தோளுக்குப் பின்னால் பறக்கிற காக்கை தெரியும். இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் மாஸ்டர் ஸ்கூலை மூடினார். இரண்டு பிரேக் வைத்த பழைய பயிற்சி வண்டியை யாரோ வந்து ஓட்டிக்கொண்டு போனார்கள். அவளுடைய தம்பிதான், “அக்கா, நீ கத்துக்கயேன், ஆட்டோமேட்டிக்னா கிளட்ச் தொல்லை கிடையாது” என்று சொல்லி, ஓரளவு ஓடிய இந்தச் சாம்பல் நிற வண்டியைப் பார்த்து வாங்கிக் கொடுத்தான். மாஸ்டர் அதைப் பொம்மை வண்டி என்பார். என்றாலும் கற்றுக் கொடுத்தார். பழகத் தொடங்கிய புதிதில் ஒருநாள் அவள் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்து வீட்டு கேட்டிலேயே கொண்டுபோய் இடித்தாள். அதற்கப்புறம் அப்படி எதுவும் நடக்கவில்லை. லைசென்ஸ் வந்தது. கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு, தம்பி வீட்டுக்கு என்று தட்டைத் தெருக்களில் பதவிசாக ஓட்டிக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “மெதுவா, மெதுவா” என்று சொல்லிக்கொண்டே, இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்தபடி வருவார். மிதித்து மிதித்து அந்தப் பக்கத்து ரப்பர் கால்மிதி உள்ளங்கை அளவுக்குப் பளபளப்பாகத் தேய்ந்துபோயிருந்தது.

மலையில் வண்டி ஏறவில்லை என்று சொன்னதும் தெருவே வைத்தியம் பார்க்க வந்துவிட்டது. எதிர்வீட்டுத் தையல்காரர் பெட்ரோலில் கலப்படம் என்றார். அவள் வேறு பங்கில் போட்டுப் பார்த்தாள். மாடி வீட்டு வாத்தியாரம்மா டயரில் காற்று கம்மியாக இருக்கும் என்றார். காற்றடித்தாள். டிக்கியில் கனம் கூடியிருக்கும் என்று யாரோ சொல்ல, அதில் கிடந்த பழைய ஸ்கூல் போர்டு, ஜாக்கி, எதற்கென்றே தெரியாத ஒரு மூட்டைக் கயிறு எல்லாவற்றையும் இறக்கி வாசலில் வைத்தாள். வாசலில் படுத்திருந்த செம்பட்டை நாய் எழுந்து வந்து கயிற்றை முகர்ந்தது.

“போ அந்தப் பக்கம். செருப்பு பத்தாதுன்னு கயிறு வேற வேணுமா உனக்கு?” என்று விரட்டினாள். மாஸ்டரின் நீலநிற ரப்பர் செருப்பில் ஒன்று காணாமல் போய் ரொம்ப நாளாயிற்று. நாய்தான் தூக்கிக்கொண்டு போயிற்று என்று அவர் சொன்னார். அன்றிலிருந்து அவள் அந்த நாய்க்கு மிச்சம் மீதி வைப்பதை நிறுத்தியிருந்தாள். ஒற்றைச் செருப்பு மட்டும் ஜோடி வரும் என்று மாடிப்படிக்கு அடியில் காத்துக்கிடந்தது.

தம்பி போனில் ஒரே போடாகப் போட்டான். “கியர்பாக்ஸ் போயிருக்கும்க்கா. ஆட்டோமேட்டிக்ல அது போச்சுன்னா செய்யற செலவுக்கு வேற வண்டியே வாங்கிடலாம். பேசாம வித்துடு. எங்க போகணும்னாலும் எனக்கு ஒரு போன் பண்ணு, நான் வரேன்.”

நல்ல மனசோடுதான் சொன்னான். போனை வைத்துவிட்டு அவள் கொஞ்ச நேரம் சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுபடியும் ஒருவருக்காக வாசலில் செருப்பு மாட்டிக் காத்து நிற்க வேண்டும். போன இடத்தில் அவர் கிளம்பும்போது கிளம்ப வேண்டும். கூடத்திலிருந்து மாஸ்டர் குரல் கொடுத்தார். “அவன் சொல்றது சரிதான். பொம்மை வண்டிக்கு மலை எதுக்கு? உனக்குத்தான் மலை எதுக்கு?”

அவள் சாவியை எடுத்துக்கொண்டு, “தவளை பட்டறைக்குப் போறேன். வரீங்களா, இல்லையா?” என்றாள். அவர் எழுந்து சட்டையை மாட்டினார். பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். அவள் பேசாமல் அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டாள்.

தவளைக்கு இப்போது மீசை நரைத்துவிட்டது. சொந்தப் பட்டறை, சுவரில் வரிசையாக மாட்டிய சாவிகள், பெரிய கண்ணாடி, பேரன் பேத்தி எல்லாம் ஆயிற்று. ஆனாலும் மாஸ்டர் வாசலில் நின்று, “டேய் தவளை” என்றால், “இந்தா வரேன் மாஸ்டர்” என்று ஓடிவருவார். மாஸ்டரை நிழலில் அடுக்கியிருந்த டயர்கள்மேல் உட்காரவைத்துவிட்டு வண்டியின் பானெட்டைத் திறந்தார்.

“என்னக்கா பண்ணுது?”

“தட்டையில நல்லாத்தான் போகுது. ஏத்தம் வந்தா பிக்கப் இல்ல. எவ்வளவு மிதிச்சாலும் கெஞ்சற மாதிரியே ஏறுது.”

தவளை எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். கியர் ஆயில் குச்சியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்து முகர்ந்தார். கருகியிருந்தால் கியர்பாக்ஸ் கதை முடிந்தது என்று அர்த்தமாம். அவள் அவருடைய மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள், பரீட்சை முடிவுக்கு நிற்கிற மாதிரி. துணியில் ஆயில் சிவப்பாக, சுத்தமாக இருந்தது.

“இதுல ஒண்ணும் இல்ல. கியர்பாக்ஸ் கல்லு மாதிரி இருக்கு” என்றார். ஏர் ஃபில்டரை எடுத்துத் தட்டினார். கொஞ்சம் தூசி, அவ்வளவுதான். ஸ்கேனரைக் கொண்டுவந்து ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினார். அதிலும் கோளாறு என்று எதுவும் காட்டவில்லை. தவளை தலையைச் சொறிந்தார். பிறகு அவளை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொல்லி, தான் கதவோரம் நின்று திரையைப் பார்த்தார்.

“எஞ்சினை அணைச்சே வைங்க. சும்மா ஆக்சிலேட்டரை மிதிங்க.”

மிதித்தாள். திரையில் ஒரு பச்சைக் கோடு ஏறிப் பாதியைக் கொஞ்சம் தாண்டி நின்றது.

“முழுசா மிதிங்கக்கா.”

“முழுசாத்தான் மிதிக்கிறேன்.”

டயர்கள்மேல் உட்கார்ந்திருந்த மாஸ்டர் தொண்டையைச் செருமினார். “வெயில் ஏறுது. போதும்டா, நாளைக்குப் பாத்துக்கலாம்” என்றார்.

தவளை குனிந்தார். அவள் காலை நகர்த்தச் சொல்லிவிட்டு, கால்மிதிக்கு மேலாகவே ஆக்சிலேட்டருக்கு அடியில் கையை விட்டுத் தடவினார். கை சட்டென்று நின்றது. சூட்டைத் தொட்டுவிட்டவர் மாதிரி வெளியே இழுத்துக்கொண்டார். ஒரு முறை மாஸ்டரைப் பார்த்தார், ஒரு முறை அவளைப் பார்த்தார். “ஒரு ஸ்பேனர் எடுத்துட்டு வரேன்க்கா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர் வரவே இல்லை. ஸ்பேனர்கள் எல்லாம் அவளுக்கு எதிரே, சுவரில்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

அவள் இறங்கி, மண்டியிட்டு, கால்மிதியைத் தூக்கினாள். ஆக்சிலேட்டருக்கு நேர் கீழே, பசை போட்டு ஒட்டி, மேலே கறுப்பு டேப் சுற்றி, கெட்டியான ஒரு கட்டு இருந்தது. நகத்தால் நெம்பினாள். வர மறுத்தது, பிறகு பிய்ந்துகொண்டு கையோடு வந்தது. டேப்பை உரித்தாள். நீல ரப்பர், ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய இரண்டு துண்டு. மேல் துண்டில் தேய்ந்துபோன பூ அச்சு. வெளிப்பக்கம் மட்டும் சரிந்து தேய்ந்த குதிகால். அந்தத் தேய்மானம் அவளுக்குத் தெரியாதா? கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தக் கால் அப்படித்தான் நடக்கிறது.

அவள் எழுந்து நின்றாள். மாஸ்டர் அவள் இருக்கும் திசையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பி வைத்திருந்தார். ஓரத்தால் பார்க்கிறவர்; திருப்பினால்தான் அவருக்கு அவள் தெரிவாள். அது அவளுக்கும் தெரியும்.

தவளை வாசல்படியில் வந்து நின்றார். அவள் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்று ஆனபின் மெல்லச் சொன்னார். “ஸ்கூல்ல எங்க எல்லாருக்கும் வெச்சிருந்தாருக்கா. புதுசா பழகறவன் பயத்துல ஒரே அமுக்கா அமுக்கிடக் கூடாதுல்ல. டெஸ்டுக்கு முதல் நாள் எடுத்துடுவார். எங்களுக்கெல்லாம் மரக்கட்டை. உங்களுக்கு ரப்பர். அந்த மட்டும் மரியாதை.”

அவளுக்குச் சிரிப்பு வருகிற நேரம் இல்லை அது. ஆனாலும் உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது.

“இப்ப மலை ஏறுமா?”

“ஏறும். சாதா வண்டின்னா நாமளே கியரைக் கொறைப்போம். இதுல நம்ம மிதிதான் அதுக்குச் சேதி. தரை வரைக்கும் மிதிச்சாத்தான், ஓ இவங்களுக்கு அவசரம்னு அதுவா கீழ் கியருக்கு எறங்கும். நீங்க இத்தனை நாளா பாதிதான் சொல்லியிருக்கீங்க, அது பாதிதான் கேட்டிருக்கு. இன்னொண்ணு, மிதிச்ச உடனே ஒரு உறுமல் உறுமும். பயந்து காலை எடுத்துடாதீங்க.”

வண்டியில் ஏறினார்கள். ரப்பர் துண்டை அவள் எதிரே பலகைமேல், கண்ணாடிக்குக் கீழே வைத்தாள். மாஸ்டர் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு நேராக உட்கார்ந்தார். வீட்டுக்குத் திரும்பும் முனை வந்தது. அவள் திரும்பவில்லை. சந்தை, பள்ளிக்கூடம், மர ஆலை எல்லாம் கடந்து போயின. அவருக்கு மர வாசனை தெரிந்திருக்க வேண்டும்.

“வீடு இந்தப் பக்கம் இல்லையே” என்றார்.

“இல்ல.”

மலை அடிவாரத்தில், ரோடு நிமிர்வதற்கு முன்னால், புளியமர நிழலில் ஓரங்கட்டினாள்.

“அந்த நாயை எவ்வளவு திட்டியிருப்பேன், பாவம்” என்றாள்.

அவர் பெல்ட்டை ஒருமுறை இழுத்துச் சரிசெய்தார்.

“எப்ப வெச்சீங்க?”

“நீ கேட்ல இடிச்ச மறுநாள்.”

“சரி, அப்ப வெச்சது நியாயம். லைசென்ஸ் வந்தப்புறம்?”

“எடுக்கலாம்னுதான் குனிஞ்சேன்.” அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார், அவை தெரிகிற மாதிரி. “கை போகல.”

“அன்னிக்கு மலையில, பின்னாடி மூணு பேரை வெச்சுக்கிட்டு நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியுமா? பஸ்காரன் கத்தறான். அந்தப் பெரியவர், நான் தள்ளட்டாங்கறார். என் கால்லதான் கோளாறோ, எனக்குத்தான் வராதோன்னு நாலு நாளா நான் தூங்கல. நீங்க பக்கத்துல படுத்துக்கிட்டு, வண்டியை வித்துடுன்னீங்க.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

அவர் குரலில் மாஸ்டர் இல்லை. “எனக்கு நேரா ஒண்ணும் தெரியல. ரெண்டு ஓரத்துலயும் மரம், ஆளு, சுவரு எல்லாம் பிச்சுக்கிட்டு ஓடுது. எது எவ்வளவு தூரம்னு புரியல. நீ மெதுவா ஓட்டினாலே எனக்குப் பறக்கற மாதிரி இருக்கு. அந்தப் பழைய வண்டியில என் காலடியில ஒரு பிரேக் இருந்துச்சு. எவன் என்ன பண்ணினாலும் நான் நிறுத்திடுவேன். இதுல இல்ல. நான் மிதிக்கிறேன், ஒண்ணும் நடக்க மாட்டேங்குது.”

அவள் அவருடைய வலது காலைப் பார்த்தாள். வண்டி நின்றிருக்கும்போதுகூட அது கால்மிதியின் தேய்ந்த இடத்தில் அழுந்தி, பாதம் முறுக்கிக்கொண்டிருந்தது. கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. அது ஒரு ஓரமாக உட்கார்ந்து இதையும் பார்த்துக்கொண்டிருந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

“பிரேக் என் காலடியில இருக்குங்க” என்றாள். “நீங்க சொல்லிக் குடுத்த கால்தான். கேட்ல இடிச்சதுக்குப் பிறகு ஒரு தடவையாவது மாத்தி மிதிச்சிருக்கேனா?”

“இல்ல.”

“அப்ப நான் என்ன பாக்கறேனோ அதைச் சொல்லிக்கிட்டே ஓட்டறேன். நீங்க பழக வர்றவங்களை எல்லாம் சொல்லச் சொல்லுவீங்களே, அந்த மாதிரி. சரியா இல்லேன்னா சொல்லுங்க, நிறுத்தறேன்.”

அவள் கண்ணாடியைப் பார்த்தாள், விளக்கைப் போட்டாள், ரோட்டில் ஏறினாள்.

“முன்னால ரோடு காலி. இடது பக்கம் கைப்பிடிச் சுவர், நமக்கும் அதுக்கும் ஒரு ஆள் நடக்கற அளவு இடம் இருக்கு. தூரத்துல ஒரு லாரி, நமக்கு முன்னால ஏறுது. இப்ப ஏத்தம் ஆரம்பிக்குது. மிதிக்கப் போறேன்.”

மிதித்தாள். கால் வழக்கமாக நிற்கிற இடத்தில் நிற்காமல் இன்னும் கீழே போயிற்று. இருட்டில் இன்னொரு படி இருப்பது தெரியாமல் இறங்கினால் கால் நழுவுமே, அப்படி. வண்டி ஒரு நொடி யோசித்தது. பிறகு அடித்தொண்டையில் உறுமிக்கொண்டு, முதுகைப் பிடித்துத் தள்ளுகிற மாதிரி எழும்பியது. பலகைமேல் இருந்த ரப்பர் துண்டு சறுக்கி அவள் மடியில் வந்து விழுந்தது. பயத்தில் காலைத் தளர்த்தினாள். உறுமல் அடங்கி, வண்டி மறுபடி பழைய முனகலுக்குத் திரும்பப் பார்த்தது.

“ஏன் எடுத்தே?” என்றார் அவர். இது மாஸ்டரின் குரல். “ஏத்தத்துல பாதியில காலை எடுக்காத. கேக்கறதை முழுசாக் கேளு.”

அவள் மிதித்தாள். உறுமல் திரும்பி வந்தது.

“லாரி பக்கத்துல வந்துட்டோம். எதிர்ல யாரும் இல்ல. தாண்டறேன். தாண்டியாச்சு. இப்ப வலது பக்கம் வளைவு, அன்னிக்கு பஸ்காரன் கத்தின இடம். வளைவுக்கு முன்னால கொஞ்சம் கொறைக்கிறேன். ஒரு அம்மா விறகு தூக்கிட்டு ஓரமாப் போறாங்க, நம்மளைப் பாத்துட்டாங்க. கீழ ஊர் தெரியுது. மர ஆலைக் கூரை தெரியுது. இங்கேருந்து பாத்தா நம்ம தெரு ஒரு விரல் நீளம்கூட இல்ல.”

“விரல்னா எந்த விரல்?”

“சுண்டு விரல்.”

அவர் ‘ம்’ என்றார். ‘மெதுவா’ என்று அவர் சொல்லி வெகுநேரம் ஆகிவிட்டது என்பது அவளுக்கு உறைத்தது. திங்கட்கிழமை மேலாளர் அம்மா என்ன சொல்வார், பின்சீட்டில் உட்காரப்போகிற பெரியவர்களுக்கு இந்த உறுமல் பிடிக்குமா, எதுவும் இன்னும் தெரியாது. இந்தச் செருப்புக்காக வீட்டுக்குப் போய் அவரை ஒரு பாட்டம் திட்ட வேண்டும். அதை அவள் விடுவதாக இல்லை. நாய்க்கும் வழியில் ஏதாவது வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

கடைசி வளைவுக்கு முன்னால் ரோடு நிமிர்ந்து நின்றது. “இதுதான் பெரிய ஏத்தம்” என்று சொல்லிக்கொண்டே இடப்பக்கக் கண்ணாடியைப் பார்க்கத் திரும்பியவளின் பார்வை அவர்மேல் விழுந்தது. மாஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் தூக்கி இருக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார், வீட்டுக் கூடத்தில் உட்காருகிற மாதிரி. கீழே கால்மிதியின் தேய்ந்த வட்டத்தில் வெயில் வந்து விழுந்திருந்தது. வண்டி திரும்பத் திரும்ப அது மெல்ல நகர்ந்து, வெறும் செருப்புகள்மேல் ஏறிக்கொண்டிருந்தது.